ராஜத்தை ரயிலேற்றச் சொன்னார்கள்

சீரியலுக்கு வசனம் எழுதுவது கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி. பந்தி உட்கார்ந்த பிறகுதான் சாம்பார் கொதிக்க ஆரம்பிக்கும். டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் காலையிலேயே லைட் போட்டு, மேக்கப் போட்டு, பட்டுப் புடவை கட்டி நாலு மருமகள்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் நியூ டவுன் ஃப்ளாட்டில் ஒரு கையில் பல் துலக்கிக்கொண்டு மறுகையால் கடைசிப் பக்கத்தை அனுப்பிக்கொண்டிருப்பேன். எழுத்தாளர்களுக்கு வாசகர்கள் இருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்களுக்கு இருப்பது காத்திருக்கிறவர்கள் மட்டும்தான்.

என் பெயர் கல்யாணி. அப்பா தூத்துக்குடியிலிருந்து துறைமுக வேலைக்கு மாற்றலாகி இங்கே வந்தார். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் பண்ணிக்கொண்டது எல்லாம் கொல்கத்தாவில். வீட்டில் தமிழ், வெளியே வங்காளம், கோபம் வந்தால் இரண்டும். வங்காளிகளுக்கும் கல்யாணி என்று பெயர் உண்டு என்பதால் ஸ்டூடியோவில் ரொம்ப நாள் யாருக்கும் என் மேல் சந்தேகம் வரவில்லை.

பிழைக்கப் போன ஊரில், "சௌத் இண்டியனா? அப்போ இட்லி சூப்பரா செய்வீங்களே" என்று கேட்கப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த அத்தனை பேருக்காகவும் இதை எழுதுகிறேன். என் இட்லியை எடுத்து எறிந்தால் ஜன்னல் உடையும் என்பதை நாம் யாரிடம் போய்ச் சொல்வது? இந்தக் கதையில் வருகிறவர்கள் பெரும்பாலும் வங்காளத்தில் பேசியவர்கள். எனக்குக் காதில் விழுந்தபடி தமிழில் தந்திருக்கிறேன்.

மூன்று ஐயோ

எங்கள் டைரக்டர் சுபீர்தா. பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'தா' நம்ம ஊர் அண்ணா. அவருடைய தொடரில் பவானிபூரில் ஒரு பழைய வீடு, அதில் ஒரு பெரிய வங்காளிக் குடும்பம், ஒரு மாமியார், காணாமல் போன ஒரு நகை. நகை கிடைத்தால் கதை முடிந்துவிடும், கிடைக்காவிட்டால் நகராது. இப்படி முக்கிக்கொண்டிருந்த சமயத்தில், அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தமிழ்ப் பெண்மணியைக் கடை வைக்கச் சொல்லலாம் என்று சேனல்காரர்களுக்குத் தோன்றியது. சுபீர்தா என்னைக் கூப்பிட்டுப் பாத்திரத்தை விளக்கினார். பெயர் மிஸஸ் ஐயர். தலை நிறைய மல்லிகை. வீணை வாசிப்பாள். வெங்காயம்கூடத் தொடமாட்டாள். மாடியில் மீன் பொரிக்கிற வாசனை வந்தால் மயங்கி விழுவாள். ஒவ்வொரு காட்சியிலும் மூன்று 'ஐயோ' கட்டாயம்.

நான் பொறுமையாகக் கேட்டேன். கேட்டுவிட்டு, சுபீர்தா, நானும் தமிழ்தானே, நேற்று மத்தியானம் உங்கள் டிபன் டப்பாவிலிருந்து மீன் தலையை எடுத்துச் சப்பிச் சாப்பிட்டது நான்தானே, என்றைக்காவது மயங்கி விழுந்தேனா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர், நிஜமாகவே யோசித்தார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, ரொம்ப அன்பாகச் சொன்னார்: "அது எனக்குத் தெரியும் கல்யாணி. ஆனா நீ அந்த மாதிரித் தமிழ் இல்லையே."

ஜெகதா அக்கா வைத்த நிபந்தனை

அந்த மாதிரித் தமிழ், இந்த மாதிரித் தமிழ் என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதில், எனக்குத் தெரிந்த ஒரு தமிழைத் தேடிப் போனேன். பவானிபூரில் ஜதுபாபு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜெகதா அக்காவின் கடை. காலையில் இட்லி, சாயந்தரம் போண்டா, நாள் பூராவும் காபித் தூள், அப்பளம், கடலை மிட்டாய். கோவில்பட்டிக்காரர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'அக்காதி'. நம்ம அக்கா, அதற்கு வங்காளத்தில் திதி, இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கூப்பிடுகிறார்கள், மரியாதை குறைந்துவிடக் கூடாதாம். கணவர் ஆரம்பித்த கடை. அவர் காலமானபோது கடையை மூடிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காரியம் முடிந்த மறுநாளே அக்கா ஷட்டரைத் தூக்கிவிட்டார்.

அதிலிருந்து அவரை ஊருக்கு அனுப்ப இரண்டு பக்கமும் துடித்துக்கொண்டிருந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து தம்பி முருகேசன் வாரம் தவறாமல் போன் பண்ணி, ஒத்தையில அங்க என்னத்துக்குக் கிடக்க, வந்துரு என்பார். இங்கே கட்டடச் சொந்தக்காரர் மகன் துர்கா பூஜைக்கு இனிப்புக் கொடுக்க வரும்போதெல்லாம், எப்போ தேசத்துக்குத் திரும்புறீங்க என்று சிரித்துக்கொண்டே கேட்பான். வங்காளத்தில் சொந்த ஊருக்கும் தேசம் என்றுதான் பெயர். அவனுக்கு அந்த இடத்தில் மொபைல் கடை வைக்க ஆசை. அக்காவுக்கோ இந்தச் சந்தை விட்டு நகரும் எண்ணம் கொஞ்சமும் கிடையாது.

உங்களை மனதில் வைத்து ஒரு பாத்திரம் எழுதட்டுமா என்று கேட்டேன். உங்கள் கடை, உங்கள் பேச்சு, உங்கள் கோபம் எல்லாம் வரும், சம்மதமா என்றேன். எண்ணெயில் போண்டாவைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். பெயரை மட்டும் ராஜம் என்று மாற்றிக்கொள்வதாகச் சொன்னேன். அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கடைசியில் கரண்டியை என் பக்கம் நீட்டிச் சொன்னார்: "எழுதிக்கோ. சிரிக்க வையி, அழ வையி, என்னமும் செய்யி. முடிவுல என்னைய ரயிலேத்தி ஊருக்கு மட்டும் அனுப்பிராத. டிவியில போயிட்டேன்னா, இங்கனயும் எல்லாரும் என்னைய அனுப்பி வச்சிருவாவ."

சித்தி உட்காரும் அறை

அந்தச் சமயத்தில் ஒரு ஆன்லைன் வகுப்பு நடந்தது. தங்கள் சொந்த ஜனங்களைப் பற்றித் திரைக்கு எழுதுகிறவர்கள் பல நாடுகளிலிருந்து கலந்துகொண்டார்கள். நியூசிலாந்திலிருந்து ஹினே என்று ஒரு பெண் பேசினார், அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரி இனத்தவர். என் வயதுதான் இருக்கும். அவர்கள் ஊரில் ஒரு மாவோரிப் பாத்திரம் எழுதச் சொன்னால், முதலில் எதிர்பார்ப்பது நாக்கை நீட்டி ஆடுகிற அந்தப் போர் ஆட்டம்தானாம். இவர் எழுதிய பாத்திரமோ ஆஸ்பத்திரியில் அக்கவுண்டன்ட்; எங்கே நிறுத்தி ஆட விடுவது என்று தெரியாமல் தயாரிப்பாளர் தவித்தாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மூன்று ஐயோ அவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் வேலை செய்கிற விதத்தையும் சொன்னார். யாருடைய கதையோ அந்தக் குடும்பத்தைக் கூட்டி, சாப்பாடு போட்டு, எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டுவாராம். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் கை தூக்கினேன். எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு, தயாரிப்பாளர் அவகாசம் தரவே மாட்டார், அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஹினே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "படம் வர்ற அன்னைக்கு என் சித்தி, என் மாமா எல்லாரும் ஒரு ரூம்ல உட்கார்ந்து பார்ப்பாங்க. நானும் அங்கதான் உட்காரணும். தயாரிப்பாளர் அந்த ரூம்ல இருக்க மாட்டார்."

கவுண்ட்டரில் ஒரு நடிகை

மிஸஸ் ஐயரை ராஜமாக்க சுபீர்தா ஒப்புக்கொண்டிருந்தார், வீணையை மட்டும் விடவில்லை. மறுநாளிலிருந்து நானும் அப்படியே ஆரம்பித்தேன். ராஜம் வருகிற ஒவ்வொரு காட்சியையும் ஸ்டூடியோவுக்கு அனுப்பும் முன் ஜெகதா அக்காவுக்குப் போனில் வாசித்துவிடுவது. சாப்பாடு போடுவதுதான் முடியவில்லை. அவர்தான் எனக்குப் போடுவார். பின்னால் எண்ணெய்ச் சத்தம், தேங்காய் துருவுகிற சத்தம், நடுவில், "இவ்வளவு பேச மாட்டேன், பாதியை வெட்டு" என்று அக்காவின் தீர்ப்பு. எந்த எடிட்டரும் என் வசனத்தை இவ்வளவு நன்றாக வெட்டியதில்லை.

ராஜமாக நடிக்க வந்தவர் மௌசுமிதி. மூத்த நடிகை, அறுபதை நெருங்குகிறவர், அரை வங்காளத்துக்கு முகம் தெரியும். தமிழ் உச்சரிப்புக்கு ஆள் வைக்கட்டுமா என்று சுபீர்தா கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டு, என்னோடு மெட்ரோ ஏறிக் கடைக்கு வந்துவிட்டார். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. நடிகையா, சரி, தலையை முடிஞ்சுக்கோ, இந்தப் பக்கம் நில்லு, போண்டாவைப் பேப்பர்ல மடிச்சுக் குடு என்று வேலையைக் கொடுத்துவிட்டார். முதல் நாள் மௌசுமிதி கட்டிய பொட்டலங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பிரிந்தன. ஒரு வாரத்தில் அக்கா மாதிரியே, மிச்சக் காசை நீட்டும்போதே அடுத்த ஆளை நிமிர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

ஒருநாள் தினமும் வரும் ஒரு பாங்க் குமாஸ்தா, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகராமல் அவரையே பார்த்தார். எனக்குப் பக்கென்றது, தெரிந்துவிட்டால் சந்து முழுக்கக் கூட்டம் கூடிவிடும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னதைத்தான் மௌசுமிதி இன்றுவரை, தான் வாங்கிய விருதுகளுக்கெல்லாம் மேலாக, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "முகம் அந்த டிவி நடிகை மாதிரியே இருக்கு திதி. ஆனா பாவம், அவங்களுக்கு இந்த மாதிரி ஒழுங்கா ஒரு வேலை செய்ய வராது."

இலிஷ் குழம்பு

தமிழ்ப் பெண்மணி மீன் சாப்பிட்டால் நேயர்கள் நம்ப மாட்டார்கள் என்று சேனலில் சொன்னார்கள். வாக்குவாதம் பண்ணிப் பிரயோஜனம் இல்லை என்று சுபீர்தாவை ஒரு காலை நேரம் ஜதுபாபு பஜாருக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஜெகதா அக்கா மீன்காரரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, இது நேற்று செத்ததா போன பூஜைக்குச் செத்ததா என்று சுத்தமான வங்காளத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். மீன்காரர் கடவுள் மேல் சத்தியம் பண்ணினார். அக்கா எந்தக் கடவுள் என்று கேட்டார். சுபீர்தா அங்கேயே வீணையைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

அப்படி வந்ததுதான் இலிஷ் காட்சி. மழைக்காலம். இலிஷ் மீனுக்காக வங்காளிகள் சொத்தை எழுதிவைக்கக்கூடிய நேரம். ராஜம் நல்ல இலிஷ் ஒன்று வாங்கி, புளி கரைத்து, தேங்காய் அரைத்து விட்டு, எங்கள் ஊர்க் குழம்பு வைத்து மாடி மாமியாருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவாள். அக்கா வீட்டில் அப்படித்தான் வைப்பார்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இதில் தவறு என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதே என் மண்டையில் ஏறவில்லை. தமிழர்கள் யாராவது, எங்களை மீன் தின்னிகளாகக் காட்டிவிட்டாயே என்று கோபித்துக்கொள்வார்கள் என்றுதான் பயந்தேன். அவர்கள் யாரும் வாயே திறக்கவில்லை. பொங்கி எழுந்தது வங்காளம். இலிஷுக்குக் கடுகு அரைக்காமல் தேங்காயா, புளியா என்று சேனலுக்கு வந்த கோபத்தில் என் போன் சூடாகிவிட்டது. ஆனால் ஒருத்தர்கூட 'மதராஸி' என்று எழுதவில்லை. எல்லோரும் ராஜம் என்று பெயர் சொல்லித்தான் திட்டினார்கள், பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டுகிற மாதிரி. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் மேல் ஃப்ளாட்டில் ரிட்டயர் ஆன டீச்சர் ஒருவர் இருக்கிறார். நான் மாஷிமா என்று கூப்பிடுவேன், பெரியம்மா மாதிரி. என் பெண் பிறந்தபோது முதல் பாயசம் கொண்டுவந்தவர். அன்று லிஃப்ட்டில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் மேலே போகப் போக அவர் குரலும் ஏறிக்கொண்டே போனது. கதவு திறந்த பிறகும் வெளியே போகாமல், கையால் கதவைத் தடுத்துக்கொண்டு சொன்னார்: "தலையையும் வாலையும் நாங்களும் புளியில போடுவோம், அது வேற. வயித்துத் துண்டையா போடுவே? உன்னை எங்க வீட்டுப் பொண்ணுன்னு நெனச்சிருந்தேனே கல்யாணி."

நிலாவின் தோழிகள்

என் மகள் நிலா காலேஜில் படிக்கிறாள். தமிழில் திட்டினால் வங்காளத்தில் பதில் சொல்கிற ஜாதி. பள்ளிக்கூட நாளிலிருந்தே பிறந்தநாள் விருந்து, பிக்னிக், எங்கே போனாலும் யாராவது ஒருத்தி, ஏய் நிலா, ஒரு தடவை ஐயோ சொல்லிக் காட்டேன் என்று கேட்பாளாம். இவள் சொல்லிக் காட்டுவாளாம், எல்லோரும் சிரிப்பார்களாம். இத்தனை வருஷமும் இதை என்னிடம் சொன்னதில்லை, ரொம்பப் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அதனால் வீட்டில் என் சீரியலைப் பார்க்கவும் மாட்டாள். தமிழ்க் காட்சி வந்தால் எழுந்து போய்விடுவாள். எனக்கு அது முள்ளாகக் குத்தும், ஆனால் கேட்க மாட்டேன்.

ராஜம் வந்து சில மாதம் ஆனபின் ஒரு சாயந்தரம் தோழிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ராஜம் தன் மகனை ஒரு காட்சியில் நடுத்தெருவில் நிறுத்தி, சோறு தின்னியா இல்லையா, அதை மட்டும் சொல்லு, மத்ததை அப்புறம் பேசிக்கலாம் என்று அதட்டுவாள். அந்தப் பெண்கள் அந்த வரியைத் தமிழிலேயே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார்கள். வகுப்பில் ஒருத்தி காதல் தோல்வியில் அழுதால் இன்னொருத்தி, சோறு தின்னியா இல்லையா என்று கேட்கிறாளாம். நான் ஜெகதா அக்கா கடைப் பொடி போட்டுத் தோசை வார்த்துப் போட்டேன். தோசை பரவாயில்லை, இட்லி அளவுக்கு மோசமில்லை. எல்லோரும் போன பிறகு நிலா சமையலறை வாசலில் வந்து நின்றாள். எனக்கு முகத்தைக் காட்டாமல் ஃபிரிட்ஜைத் திறந்து எதையோ தேடுவது போல் நின்றுகொண்டு தமிழில் சொன்னாள்: "மா, இப்போ எல்லாம் யாரும் என்னை ஐயோ சொல்லக் கேக்கறது இல்லை."

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் அழுதேன்.

ஹவ்ரா காட்சி

இந்த நேரத்தில்தான் இடி விழுந்தது. தொடருக்குப் பார்வையாளர்கள் குறைந்துவிட்டார்கள், கதையை வீட்டுக்குள் சுருக்கு, நகையைக் கண்டுபிடி, கீழ்த்தளத்துக் கடையை மூடு என்று சேனலிலிருந்து உத்தரவு. ராஜத்தை என்ன செய்வது? அதற்கும் அவர்களே வழி சொல்லிவிட்டார்கள். ஹவ்ரா ஸ்டேஷன், ஒரு பெட்டி, கண்ணீர், சென்னை போகிற ரயில். ஒரே காட்சியில் முடித்துவிடலாம். இது ஒன்றும் புதிதில்லை; எங்கள் தொழிலில் தேவை தீர்ந்த ஒவ்வொரு தமிழனும் ஹவ்ராவில்தான் ரயிலேறுவான்.

எழுதினேன். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன? ஆனால் வாசித்துக் காட்டுகிற பழக்கத்தை என்னால் விட முடியவில்லை. இதைப் போனில் வாசிக்கவும் வாய் வரவில்லை. நேரில் போனேன். கடையில் ஜெகதா அக்காவின் தம்பி முருகேசன் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை கையோடு கூட்டிக்கொண்டு போவதென்று ஊரிலிருந்து வந்திறங்கியிருந்தார். அவருக்கு எதிரேயே வாசித்தேன். முருகேசன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அக்கா இடையில் எதையும் வெட்டச் சொல்லவில்லை. முடிந்ததும், நான் வேண்டாம்னா நிறுத்திருவாவளா என்று மட்டும் கேட்டார். நான் காகிதத்தை மடித்தேன். அக்கா முருகேசனுக்குக் காபி ஆற்றப் போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் நேரே ஸ்டூடியோவுக்குப் போய் சுபீர்தாவிடம், இந்தக் காட்சியை நான் தர மாட்டேன், வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. வேறு எங்கேதான் போவாள் கல்யாணி, அவள் வீட்டுக்குத்தானே போகிறாள், சந்தோஷமான முடிவுதானே என்று கேட்டார். பாதி மேக்கப்பில் உட்கார்ந்திருந்த மௌசுமிதி கண்ணாடியில் பார்த்தபடியே குறுக்கிட்டார். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இத்தனை நாளில் அந்த ஊரில் அவளுக்கென்று ஒரு ஆளைக்கூட நீங்கள் எழுதவில்லையே, சண்டை போட்டவள் இங்கே, அழுதவள் இங்கே, மகனுக்குப் பெண் பார்த்தது இங்கே, நான் ரயிலில் ஏறி எந்த முகத்தை நினைத்துக்கொண்டு உட்காரட்டும் என்று கேட்டார்.

சுபீர்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, சம்பந்தமே இல்லாததுபோல, தன் அப்பாவைப் பற்றி ஆரம்பித்தார். நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்திலிருந்து கைக்குழந்தையாக வந்தவராம். ஜாதவ்பூரில் வளர்ந்து, வேலை பார்த்து, வீடு கட்டி, அங்கேயே கண்ணை மூடினார். கடைசிவரை தெருவில் யாராவது அவரிடம், உங்கள் தேசம் எது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அவர் தன் நினைவில்கூட இல்லாத ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்துவிடுவாராம். இதைச் சொல்லிவிட்டு சுபீர்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அடுத்த நிமிஷமே டைரக்டர் ஆகிவிட்டார். ரயில் கிடையாது, ஆனால் கடையை மூடித்தான் ஆகவேண்டும், ராஜம் இதே ஊரில், பெஹாலாவில், பெரிய கடை பார்த்துவிட்டாள் என்று மாற்றி எழுது என்றார். சேனலில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். போனைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்: "ஹவ்ரா ஸ்டேஷன்ல ஷூட்டிங் அனுமதி வாங்கறதை விட ஒரு டெம்போ வாடகைக்குப் பிடிக்கறது சுலபம்னு சொல்லுவேன். அவங்களுக்கு அந்த பாஷைதான் புரியும்."

பெஹாலா

அந்த எபிசோடு வந்த சாயந்தரம் நான் ஜெகதா அக்கா கடையில்தான் இருந்தேன். மௌசுமிதியும் வந்திருந்தார். பாங்க் குமாஸ்தா, மீன்காரர், எதிர்க்கடை டெய்லர், கட்டடச் சொந்தக்காரர் மகன் எல்லோரும் கடை டிவிக்கு முன்னால் அப்பள மூட்டைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். முருகேசன் ஸ்டூலில். எதிர்பார்ப்பில் கையிலிருந்த போண்டாவைக் கடிக்கவே மறந்திருந்தார். நான் முன்கூட்டியே யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அக்காவுக்கு வாசித்துக் காட்டாமல் நான் அனுப்பிய ஒரே காட்சி இதுதான். எழுதி முடிக்கும்போதே லைட் போட்டுவிட்டார்கள்.

திரையில் ராஜம் ஷட்டரை இறக்கினாள். மாடி மாமியார் இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைக்குள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஒரு டெம்போ வந்து நின்றது. கிரைண்டர், அடுப்பு, அப்பள மூட்டை எல்லாம் ஏறின. ராஜம் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பெஹாலா சௌராஸ்தா, குழி பார்த்து ஓட்டு, கிரைண்டர் கல் உடைஞ்சா உன் பாடு என்றாள். அவ்வளவுதான். எபிசோடு முடிகிற பாட்டு வந்துவிட்டது.

மீன்காரர்தான் முதலில் சிரித்தார். டெய்லர் கை தட்டினார். கட்டடச் சொந்தக்காரர் மகன் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினான். முருகேசன் கொஞ்ச நேரம் விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்போ நீ வர மாட்டே, அப்படித்தானே அக்கா என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டது அக்காவின் காதில் விழவே இல்லை. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஆவேசமாக, என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்: "ஏட்டி கல்யாணி, உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? பெஹாலாவுல மழை பெஞ்சா முழங்கால் தண்ணி நிக்கும். நம்ம பவானிபூரை விட்டுப்போட்டு எவளாவது அவ்வளவு தூரம் போவாளா?"

எத்தனையோ பாராட்டுகளுக்கு ஏங்கி எழுத வந்த எனக்கு, மனசு நிறைய எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கிடைத்தது பெஹாலா சாக்கடையைப் பற்றிய ஒரு புகார்தான்.